வைரம் பாய்ந்த மரங்களைக் கணக்கெடுத்தல்: பர்மாத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பகோ வட்டாரத்திலும் மோன் மாநிலத்திலும் உள்ள ஊர்களில், பர்மிய, கரேன் அண்டை வீட்டாரோடு சேர்ந்து, ஊர்க் குழுவே உரிமை பெற்றுப் பராமரிக்கும் சமூகக் காடு அமைக்கும் பணியில் தமிழ்க் குடும்பத்தினரும் இறங்குகிறார்கள். அதற்கு முதல் வேலையாக மரங்களைக் கணக்கெடுக்க வேண்டியிருப்பதால், அது பற்றித் திரும்பத் திரும்ப எழும் ஐயங்களுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

மரக் கணக்கெடுப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு காட்டில் எந்த மரம், எத்தனை, எந்தப் பருமனில், எந்த நிலையில் நிற்கிறது என்பதை எல்லோரும் ஒரே முறையில் அளந்து எழுதி வைப்பதையே சொல்கிறோம். "எங்கள் மலையில் தேக்குக்குப் பஞ்சமில்லை" என்று ஊர்ப் பெரியவர் சொல்வது தகவல்தான். ஆனால் அடுத்த தலைமுறை அதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. ஐந்து ஆண்டு கழித்து வேறொருவர் அதே இடத்துக்குப் போய், அதே மரத்தை, அதே உயரத்தில் அளந்து, கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்ல முடிந்தால் மட்டுமே அது கணக்கெடுப்பு.

இந்த நாட்டில் மரத்தை எண்ணியதெல்லாம் வெட்டுவதற்காகத்தானே? காப்பதற்கு அது எப்படி உதவும்?

இக்கேள்வியில் உண்மை இருக்கிறது. 1826-இல் பர்மாவின் தெற்கிலுள்ள தெனாசரீம் கரை ஆங்கிலேயர் வசமானதும் மோல்மேன் துறைமுகத்தைச் சுற்றித் தேக்கு வணிகம் பெருகியது. தாவரவியலாளர் வாலிச் 1827-இல் அங்குள்ள காடுகளைப் பார்வையிட்டார். அதற்குப் பின் கட்டுப்பாடின்றி நடந்த வெட்டில், எளிதில் எட்டக்கூடிய இடங்களிலிருந்த தேக்கு சில பத்தாண்டுகளிலேயே தீர்ந்துபோனது. 1852 ஆங்கிலேய-பர்மியப் போரில் பெகு (இன்றைய பகோ) கைப்பற்றப்பட்டபோது, இங்கும் அதே கதை நடந்துவிடக் கூடாது என்ற கவலை அரசுக்கு இருந்தது.

1856-இல் பெகு காடுகளுக்குப் பொறுப்பாக வந்த டீட்ரிக் பிராண்டிஸ், ஜெர்மனியின் பான் நகரில் பிறந்த தாவரவியலாளர். காட்டின் ஊடாக யானை மீதேறி நேர்கோட்டில் சென்று, கோட்டின் இருபுறமும் கண்ணுக்குத் தெரிந்த தேக்குகளைப் பருமன் வாரியாகப் பிரித்து, கையிலிருந்த மரச் சில்லுகளில் கத்தியால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கீறலிட்டு எண்ணினார். 6 அடிச் சுற்றளவுக்கு மேற்பட்டவை முதல் வகுப்பு; நாலரை அடி முதல் 6 அடி வரை இரண்டாம் வகுப்பு; ஒன்றரை அடி முதல் நாலரை அடி வரை மூன்றாம் வகுப்பு; அதற்கும் கீழானவை நான்காம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு மரம் முதல் வகுப்பாக வளர எத்தனை ஆண்டு பிடிக்கும் என்று கணித்து, அந்த வேகத்தில் ஈடு செய்யக்கூடிய அளவுக்கு மட்டுமே முதல் வகுப்பு மரங்களை வெட்டலாம் என்று அவர் வரையறுத்தார். பெரிய மரத்தை எண்ணுவதை விட, அதன் இடத்தைப் பிடிக்கப் போகும் மரத்தை எண்ணுவதே வெட்டுக்கு வரம்பு கட்டுகிறது என்பதுதான் அந்தக் கீறல்களின் பொருள். நோக்கம் வருவாய் என்றாலும் கருத்து சரியானது.

அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய தேர்வு வெட்டு முறை. காடு 30 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஆண்டுக்கு ஒரு பகுதியாக 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டப்படும்; ஈரமான நல்ல தேக்குக் காட்டில் 7 அடி 6 அங்குலச் சுற்றளவும், வறண்ட காட்டில் 6 அடி 6 அங்குலச் சுற்றளவும் எட்டாத தேக்கைத் தொடக் கூடாது. ஏட்டில் இருந்த இந்த ஒழுங்கு தரையில் நிலைக்கவில்லை. 2010 முதல் 2015 வரை ஆண்டுக்குச் சராசரியாக 5,46,000 ஹெக்டேர் காட்டை மியன்மா இழந்தது என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு மதிப்பிட்டது. பிரேசிலுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்த இடம் அது. 2014 ஏப்ரலில் உருட்டு மர ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. 2016-இல் நாடு முழுவதும் ஓராண்டுக்கும், பகோ யோமா மலைத்தொடரில் 10 ஆண்டுகளுக்கும் வெட்டு தடை செய்யப்பட்டது.

ஆகவே, வெட்டுவதற்கென உருவான அளவு முறையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதில் விடுபட்டவற்றைச் சேர்த்துக்கொண்டால் போதும். வெட்டுபவர் நேரான பெருமரத்தோடு நின்றுவிடுவார். காப்பவர் கன்றையும், கோணல் மரத்தையும், வெட்டிய அடிக்கட்டையையும் எழுத வேண்டும்.

எந்தெந்த மரங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டும்?

குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட எல்லா மரங்களையும் சேர்ப்பதே நல்லது. ஆள் பலம் இல்லையென்றால், முதலில் வைரம் பாய்ந்த உள்நாட்டு மரங்களில் சிலவற்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

தேக்கு எல்லோருக்கும் தெரியும். செட்டிநாட்டு வீட்டுத் தூண்கள் வழியாக, இந்த நாட்டையே பார்க்காதவர்களுக்கும் தெரியும். அதற்கு அடுத்து பியின்கடோ. நம்மூரில் இருள் மரம் என்று சொல்லப்படுவது இதுவே. கரையான் எளிதில் அண்டாத கனத்த மரம் என்பதால் இரயில் தண்டவாளக் கட்டைகளுக்கும் பாலங்களுக்கும் பெருமளவில் வெட்டப்பட்டது. படௌக் நம் வேங்கையின் உடன்பிறப்பு இனம். தவுக்கியான் என்பது கருமருது. குங்கிலியக் குடும்பத்தைச் சேர்ந்த கன்யின், இன், திங்கான், இஞ்சின், திட்யா ஆகியவற்றையும் விடக் கூடாது. தமலான் எனப்படும் ஈட்டி மரவகை, மரச்சாமான் சந்தையின் பசியால் மிகவும் அருகிவிட்டது. அதைக் கண்டால் கன்று முதல் அனைத்தையும் குறித்தாக வேண்டும்.

படிவத்தில் பர்மியப் பெயரையே முதலில் எழுதுங்கள். வனத்துறை அலுவலரும் அண்டை ஊராரும் படிக்க வேண்டிய ஏடு அது. கருங்காலி என்று தமிழில் எழுதினால், காசுக்கட்டி எடுக்கும் முள்மரத்தையும் கரிய வைரமுள்ள மரத்தையும் அது ஒருங்கே குறிக்கும். இப்படிப்பட்ட இடங்களில் தமிழ்ப் பெயர் மட்டும் எழுதினால் ஏடு கெட்டுவிடும்.

எந்த மாதத்தில் போவது?

மழை ஓய்ந்த நவம்பர் முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை ஏற்ற காலம். பாதை காய்ந்திருக்கும், பெரும்பாலான மரங்களில் இலை இன்னும் இருக்கும், தேக்கின் காய்கள் கிளையிலும் தரையிலும் கிடக்கும். மார்ச்சில் காட்டுத்தீயும் புகையும் வந்துவிடும். தேக்கு மொட்டையாக நிற்கும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. திங்யான் தண்ணீர்த் திருவிழாவும் நம் சித்திரைப் பிறப்பும் வரும் நாட்களில், முதல் மழைத்துளி விழுந்ததும் படௌக் ஒரே நேரத்தில் பொன்மஞ்சளாய்ப் பூத்து, ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். அந்த நாளில் எதிர் மலை முகட்டில் நின்று பார்த்தால், இலைக்கூட்டத்துக்குள் ஒளிந்திருந்த ஒவ்வொரு படௌக் மரமும் தானே கையைத் தூக்கிக் காட்டும். காட்டுக்குள் நுழையாமலேயே அவற்றின் இருப்பிடங்களை வரைபடத்தில் குறித்துக்கொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

யாரிடம் அனுமதி பெற வேண்டும்? பாதுகாப்புக்கு என்ன செய்வது?

ஒதுக்கப்பட்ட காடு, பாதுகாக்கப்பட்ட பொதுக் காடு இரண்டிலும் நகரிய வனத்துறை அலுவலகத்துக்குத் தெரிவிக்காமல் நுழையக் கூடாது. ஊர்த் தலைவருக்கும் சொல்லிவிட்டே போக வேண்டும். கண்ணிவெடி அபாயமுள்ள நாடு இது; அண்டை ஊர்க்காரர் விறகுக்கும் மூங்கில் குருத்துக்கும் போகாத பக்கம் எதுவோ, அங்கே கணக்கெடுப்பும் வேண்டாம். எந்தப் புள்ளிவிவரமும் ஒரு காலுக்கு ஈடாகாது.

காடு முழுவதையும் அளக்க வேண்டுமா, மாதிரித் துண்டுகள் போதுமா?

ஊர்க் காடு 20, 30 ஏக்கருக்குள் இருந்தால் பெருமரங்கள் அனைத்தையும் அளந்துவிடலாம். அதற்கு மேல் போனால் மாதிரித் துண்டுகளே வழி. நடு முளையிலிருந்து 17.84 மீட்டர் ஆரமுள்ள வட்டம் 0.1 ஹெக்டேர் பரப்பாகும். ஒரு முளையும் ஒரு கயிறும் இருந்தால் வட்டம் போட்டுவிடலாம் என்பதால், நான்கு மூலையும் சரிபார்க்க வேண்டிய சதுரத்தை விட இது எளிது. பெருமரங்களை இந்த வட்டத்திலும், இளமரங்களை அதே முளையைச் சுற்றி 5.64 மீட்டர் ஆரமுள்ள 100 சதுர மீட்டர் வட்டத்திலும் எண்ணலாம்.

துண்டுகளை எங்கே போடுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மரம் அடர்ந்த இடத்தைப் பார்த்துப் பார்த்து வட்டம் போட்டால் காடு செழிப்பாகத் தெரியும். பாதையோரமாகவே போட்டால் அழிந்ததாகத் தெரியும். வீட்டிலேயே வரைபடத்தின் மேல் சம இடைவெளியில் கட்டம் இழுத்து, கோடுகள் வெட்டும் புள்ளிகளை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, அந்தப் புள்ளி முள் புதரில் விழுந்தாலும் அங்கேயே முளையடிக்க வேண்டும். கைபோன போக்கில் நான்கடி தள்ளிப் போடுவதும் பிழைதான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 200 ஏக்கர், அதாவது ஏறத்தாழ 81 ஹெக்டேர் காட்டில் 0.1 ஹெக்டேர் வட்டங்கள் 10 போட்டு, மொத்தம் 24 தேக்கு மரங்கள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேருக்கு 24. முழுக் காட்டுக்கும் சுமார் 1,940 என்று பெருக்கிவிடலாம். ஆனால் அந்த 24-இல் 18 மரங்கள் ஆற்றங்கரையை ஒட்டிய இரண்டே வட்டங்களில் கிடைத்திருந்தால், 1,940 என்பது வெறும் பெருக்கல் விடை. காட்டை முதலில் ஆற்றுப் படுகை, மலைச் சரிவு, முகடு எனப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியே வட்டங்கள் போட்டிருக்க வேண்டும். வட்டவாரியான எண்ணிக்கையை அழித்துவிட்டு மொத்தத்தை மட்டும் வைத்துக்கொள்பவர்கள் இந்தக் குறையைக் கண்டுபிடிக்கவே முடியாது.

மரத்தை எந்த உயரத்தில், எப்படி அளப்பது?

தரையிலிருந்து 1.3 மீட்டர், அதாவது ஏறத்தாழ 4 அடி 3 அங்குல உயரத்தில் சுற்றளவை எடுக்க வேண்டும். மார்பு உயரம் என்பது இதுவே. அவரவர் மார்பை வைத்து அளந்தால் ஆளுக்கொரு உயரமாகிவிடும்; ஆகவே சரியாக 1.3 மீட்டர் நீளமுள்ள மூங்கில் கோலொன்றை வெட்டி எடுத்துப் போங்கள். பழைய பிரிட்டிஷ் கால ஏடுகளில் 4 அடி 6 அங்குல உயரத்தில் அளந்தது காணப்படும். அவற்றோடு ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்தில் கோலை ஊன்றுங்கள். சாய்ந்த மரத்தில், சாய்ந்திருக்கும் பக்கமாக அடிமரத்தை ஒட்டியே 1.3 மீட்டரை அளந்து, அடிமரத்துக்குக் குறுக்காக டேப்பைச் சுற்றுங்கள். 1.3 மீட்டருக்குக் கீழேயே கவையாகப் பிரிந்தால் இரண்டு மரங்களாகவும், மேலே பிரிந்தால் ஒரே மரமாகவும் எழுத வேண்டும். கன்யின் போன்ற பெருமரங்களில் பலகை வேர் ஆளுயரத்துக்கு மேலும் எழும்பியிருக்கலாம். வேர் முடியும் இடத்துக்கு 30 சென்டிமீட்டர் மேலே அளந்து, அளந்த உயரத்தையும் எழுதி வையுங்கள்.

தேக்கில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. முதிர்ந்த தேக்கின் அடிமரம் உருண்டையாக இராது. பள்ளமும் மேடுமாக வரிந்திருக்கும். டேப் மேடுகளின் மேல் மட்டும் பட்டுப் பள்ளங்களைத் தாண்டிப் போவதால், உண்மையான மரத்தை விடக் கூடுதலான அளவு கிடைக்கும். இதற்கு டேப்பைப் பள்ளத்துக்குள் அழுத்தித் திருத்தம் செய்ய முயலாதீர்கள்; இழுத்துப் பிடித்து அளந்து, "வரிந்த அடி" என்று பக்கத்தில் ஒரு சொல் எழுதினால் போதும். அளப்பவர் எல்லோரும் ஒரே மாதிரி அளந்தால், மறு அளவையில் வளர்ச்சி சரியாகவே தெரியும்.

டேப்பைச் சுற்றும் முன் அந்த இடத்தில் படர்ந்திருக்கும் கொடியையும் பாசியையும் விலக்கிவிட்டு, தளர்ந்து தொங்கும் பட்டையைக் கையால் தட்டி விடுங்கள். ஆனால் பட்டையைச் சீவாதீர்கள். டேப் மரத்தின் பின்பக்கம் இறங்கிவிட்டதா என்று ஒருவர் சுற்றி வந்து பார்க்க வேண்டும். தனியாள் அளந்த அளவுகளை நாங்கள் நம்புவதில்லை.

சுற்றளவை 3.1416-ஆல் வகுத்தால் விட்டம். 7 அடி 6 அங்குலம், அதாவது 228.6 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள தேக்கின் விட்டம் ஏறத்தாழ 73 சென்டிமீட்டர். வகுத்த விடையை மட்டும் எழுதாமல், டேப்பில் கண்ட சுற்றளவையே படிவத்தில் எழுதுங்கள். வகுத்தலை வீட்டில் செய்துகொள்ளலாம்.

மலைச் சரிவில் கயிற்றைத் தரையோடு இழுத்தால் போதாதா?

போதாது. பரப்பு எப்போதும் மட்டமான நிலத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. 30 பாகைச் சரிவில் மட்டமாக 20 மீட்டர் செல்ல, தரையோடு 23.1 மீட்டர் போக வேண்டும். கயிற்றை இருவரும் மட்டமாகத் தூக்கிப் பிடித்து, சரிவு கடுமையான இடத்தில் சிறு சிறு துண்டாகப் படிப்படியாக அளந்தால் கணிதமே தேவைப்படாது.

இலை உதிர்ந்த மரத்தை எப்படி அடையாளம் காண்பது?

தரையையும் பட்டையையும் பாருங்கள். தேக்கின் காய்ந்த இலை மரத்தடியில் விசிறி விசிறியாகக் கிடக்கும். கையால் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். இளந்தளிரைக் கசக்கினால் விரல்கள் சிவக்கும். தவுக்கியானின் பட்டை முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும்; தொலைவிலிருந்தே தெரியும். குங்கிலியக் குடும்ப மரங்களுக்கு உதிர்ந்த காய் சான்று: கன்யின், இன் இரண்டின் காய்க்கும் நீண்ட இறகுகள் இரண்டு, இஞ்சின், திட்யா காய்களுக்கு நீண்டவை மூன்று, குட்டையானவை இரண்டு. படௌக் காயோ, நடுவில் விதையும் சுற்றிலும் தட்டையான விளிம்புமாக வட்டத் தட்டுப் போல இருக்கும்.

பட்டையில் சிறு கீறல் போட்டு, வடியும் பிசினைப் பார்க்கும் பழக்கம் பழைய வனக்காவலர்களிடம் உண்டு. படௌக்கில் இரத்தச் சிவப்பில் கசியும். இதை ஊர்ப் பிள்ளைகள் பார்த்துப் பழகுவதால்தான் ஓர் எச்சரிக்கை: திட்சி மரத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் கீறாதீர்கள். பகானின் அரக்குப் பாத்திரங்களுக்குப் பயன்படும் அரக்கு இம்மரத்தின் பாலே. கீறிய இடத்தில் வெளிறிய நிறத்தில் சுரந்து, காற்றுப்பட்டதும் கறுத்துவிடும் அந்தப் பால் தோலில் பட்டால் கொப்புளம் எழும். சிலருக்கு முகமெல்லாம் வீங்கும். அடிமரத்தில் மை வழிந்ததுபோலக் கறுப்புத் தாரை காய்ந்திருந்தால், அதைத் தொடாமல் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு நகருங்கள். பெயர் தெரியாத மரத்துக்குப் "பெயர் தெரியாது" என்று எழுதி, இலை, காய், பட்டை மூன்றையும் படமெடுத்து வைத்தால் போதும். ஊகித்து எழுதிய பெயர் வெற்றிடத்தை விட மோசமானது.

சிறு கன்றுகளையும் எண்ண வேண்டுமா? அவற்றில் பாதி செத்துவிடுமே!

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இரண்டு காடுகள், இரண்டிலும் ஹெக்டேருக்கு 20 தேக்கு. முதல் காட்டில் 20 மரமும் 6 அடிச் சுற்றளவுக்கு மேற்பட்டவை. பார்ப்பவர் மெய்மறந்து நிற்பார். இரண்டாம் காட்டில் 6 அடி மரம் இரண்டுதான்; மற்றவை இளமரங்கள். வருவாய்க் கண்ணுக்கு முதல் காடு பொன். காவல் கண்ணுக்கு அது வாரிசில்லாத வீடு. அங்கே ஏதோ ஒன்று, தீயோ மாடோ மூங்கில் நெருக்கமோ, பல பத்தாண்டுகளாகக் கன்றுகளை மேலெழ விடவில்லை. பெருமரங்களை மட்டும் எண்ணினால் இந்த உண்மை, கடைசி மரம் விழும் வரை வெளியே தெரியாது.

ஆகவே கன்றுகளை மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள்: முழங்காலுக்குக் கீழானவை, முழங்கால் முதல் 1.3 மீட்டர் வரையானவை, 1.3 மீட்டரைத் தாண்டியும் ஒரு அடிச் சுற்றளவை எட்டாதவை. முதல் வகையில் நூற்றுக்கணக்கில் இருந்து இரண்டாம் வகையில் ஒன்றும் இல்லையென்றால் தடை எங்கே என்று தெரிந்துவிடும்.

தேக்கின் கன்றைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். தீ ஆண்டுதோறும் ஓடும் காட்டில், கன்றின் தண்டு ஒவ்வொரு கோடையிலும் கருகி, மழையில் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். மேலே ஒரு சாண் குச்சியாகத் தெரிவது, கீழே பல ஆண்டு வயதுள்ள தடித்த வேராக இருக்கலாம். வேர் போதிய பலம் பெற்றதும், ஏதேனுமொரு நல்ல ஆண்டில் ஒரே மூச்சில் தீயின் உயரத்தைத் தாண்டி எழும். பியின்கடோவும் இப்படியே. எனவே கரிந்த பழைய தண்டின் அடியில் புதுத் தளிர் வந்திருந்தால் அதைத் "துளிர் கன்று" என்று தனியே குறியுங்கள். அதைத் தோண்டிப் பார்க்க வேண்டாம். தண்டின் அடியில் மண்ணைச் சற்று விரலால் விலக்கினாலே கரிந்த முடிச்சு தென்படும். துளிர் கன்றுகள் மிகுந்த இடத்தில் புதிதாக நடுவதற்குச் செலவு செய்வதை விட, இரண்டு மூன்று கோடைகள் தீ புகாமல் எல்லைக்கோடு வெட்டிக் காப்பது பலன் தரும் என்பது எங்கள் கருத்து.

மூங்கிலைப் பற்றி ஏன் கேட்கிறீர்கள்? அது மரமில்லையே?

பகோ யோமாவின் தேக்குக் காட்டுக்கு மூங்கில்தான் அடையாள அட்டை. சாத்தவுங், தின் ஆகிய மூங்கில்கள் ஈரமான நல்ல தேக்கு நிலத்தைக் காட்டும். மியின் மூங்கில் வறண்ட நிலத்தைக் காட்டும். அதைவிட முக்கியமானது மூங்கில் பூப்பது. பல பத்தாண்டுக்கு ஒருமுறை ஒரு மலைச் சரிவின் மூங்கில் முழுவதும் ஒருசேரப் பூத்து மடியும்போது, அதுவரை இருட்டில் கிடந்த தரைக்கு வெயில் கிடைத்துத் தேக்குக் கன்றுகள் கூட்டமாக எழும். மூங்கில் பூத்த ஆண்டு ஊரில் யாருக்கேனும் நினைவிருந்தால் படிவத்தின் மேலேயே எழுதிவிடுங்கள்.

கோணல் மரம், பொந்து மரம், பட்டுப்போன மரம்?

எல்லாவற்றையும் எழுதுங்கள். தேர்வு வெட்டில் நேரான மரங்கள் முறை முறையாகப் போய், கோணலும் நோயும் உள்ளவையே விதை தர எஞ்சியிருக்கும் காடுகள் பல உண்டு. நேரான, உயரத்தில் கிளைவிட்ட மரம் ஒன்று கிடைத்தால் அதைத் "தாய் மரம்" எனத் தனியே குறிக்க வேண்டும். பொந்து மரம் மரக்கடைக்கு உதவாது. இருவாட்சிக்கும் பறக்கும் அணிலுக்கும் அதுவே வீடு. சுற்றிலும் பட்டையும் வெளிமரமும் வளையமாக வெட்டப்பட்டு நின்றபடியே காய்ந்த தேக்கையும் காண்பீர்கள். பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது என்பதால், வெட்டுவதற்கு மூன்று ஆண்டு முன்பே இப்படிக் காயவிடுவது வழக்கம். அதை இறந்த மரக் கணக்கில் சேர்த்து, வளைய வெட்டு என்று எழுதுங்கள்.

அடிக்கட்டைகளை அளக்க வேண்டுமா?

கட்டாயம். காணாமற்போன மரத்தின் ஒரே சாட்சி அது. சுற்றளவு, ரம்பமா கோடரியா, வனத்துறைச் சுத்தியல் முத்திரை இருக்கிறதா இல்லையா, துளிர் வந்திருக்கிறதா என நான்கு குறிப்புகள் போதும். முத்திரை இல்லாத கட்டையைப் பார்த்ததும் வெட்டியவரைத் தேடிப் போவது உங்கள் வேலை அன்று.

உயரமும் வயதும்?

உயரத்தை எல்லா மரத்துக்கும் அளந்து நேரத்தை வீணாக்காதீர்கள். வட்டத்துக்கு இரண்டு மரம் போதும். வயதைச் சுற்றளவிலிருந்து சொல்ல முடியாது. நெருக்கத்தில் நின்ற மெல்லிய தேக்கு, திறந்த வெளியில் நின்ற பருத்த தேக்கை விட மூத்ததாக இருக்கலாம். ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியும் வெப்பமண்டல மரங்களுள் தேக்கு ஒன்று என்பதால், மியன்மாவின் தேக்கு வளையங்களைக் கொண்டு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுப் பருவமழையின் ஏற்ற இறக்கத்தையே ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். ஆனால் அதற்குத் துளைக்கருவியும் பயிற்சியும் வேண்டும். நமக்குப் புதிதாக வெட்டுண்ட அடிக்கட்டை கிடைத்தால், வளையங்களை எண்ணிக்கொள்ளலாம்.

செயற்கைக்கோள் படமே எல்லாவற்றையும் காட்டிவிடாதா?

காடு முற்றாக அழிந்த இடத்தை அது நன்றாகக் காட்டும். பெருமரங்கள் போய் மூங்கில் மூடிய இடமும் மேலிருந்து பச்சையாகவே தெரியும். சீரழிவை அறியும் வேலை இன்னும் காலால் நடப்பவரிடமே இருக்கிறது. கைபேசியின் இடங்காட்டி வட்டத்தின் நடுவை மீண்டும் கண்டுபிடிக்க உதவும். அடர்ந்த காட்டில் பல மீட்டர் பிசகும் என்பதால், நடு முளைக்கு அருகிலுள்ள பெரிய பாறையோ ஓடையோ எந்தத் திசையில் எத்தனை அடி என்பதையும் எழுதுங்கள்.

தமிழ் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

கோவில் வளாகத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் கன்று எண்ணுவதில் பெரியவர்களை மிஞ்சிவிடுகிறார்கள், குனியச் சலிப்பதில்லை. 12 வயதுக்கு மேற்பட்டவர்களை, ஊருக்கு அருகிலுள்ள வட்டங்களுக்கு மட்டும் அழையுங்கள். திட்சி மரத்தை முதலில் காட்டிவிடுங்கள்.

கணக்கெடுத்த பின் அதை வைத்து என்ன செய்வது?

1995-ஆம் ஆண்டுச் சமூகக் காட்டு வழிமுறைகளும், பின்னர் வந்த அவற்றின் திருத்தங்களும், ஊர்க் குழுவுக்கு 30 ஆண்டு உரிமையில் காட்டைத் தர வழி செய்கின்றன. அதற்கு நிர்வாகத் திட்டம் எழுதித் தர வேண்டும். அத்திட்டத்தின் அடித்தளமே உங்கள் படிவம்தான். எந்தச் சரிவில் தீத்தடுப்பு, எங்கே மேய்ச்சல் நிறுத்தம், எங்கே தாய் மரக் காவல் என்பனவற்றை எண்ணிக்கை காட்டி எழுதும் ஊரின் விண்ணப்பத்தை ஒதுக்கித் தள்ளுவது கடினம்.

என் தோட்டத்தில் நானே நட்ட தேக்கும் இதில் சேருமா?

நட்டதையும் தானே முளைத்ததையும் கலக்கக் கூடாது. வரிசையாக நிற்பவற்றை "நட்டவை" என்று பிரித்து எழுதுங்கள். 1992 வனச் சட்டப்படி, நாட்டில் எங்கே நின்றாலும் தேக்கு அரசுடையதாக இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2018 சட்டம், நட்டு வளர்த்தவருக்கு உரிமை கிடைக்க வழி திறந்தது. நட்ட ஆண்டும் எண்ணிக்கையும் எழுதிய ஏடு அப்போது கைகொடுக்கும்.

ஏட்டை யார் வைத்திருப்பது? யாருக்குக் காட்டலாம்?

பென்சிலால் எழுதுங்கள், மை மழையில் கரையும். அன்றிரவே மறு பிரதி எடுத்து, ஒன்றை ஊர்க் குழுவிடமும் மற்றொன்றை வனத்துறை அலுவலகத்திலும் ஒப்படையுங்கள். மறு அளவைக்கு, அளந்த உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி மெல்லிய வண்ணக்கோடு இட்டு, ஐந்து ஆண்டு கழித்து அதே மாதத்தில் அதே கோட்டின் மேல் டேப்பை வையுங்கள்.

எண்ணிக்கையையும் வட்டச் சராசரியையும் யார் கேட்டாலும் கொடுக்கலாம்; ஊர்க் கூட்டத்தில் சுவரில் ஒட்டலாம். பெரிய தமலான், பெரிய படௌக் ஆகியவற்றின் சரியான இருப்பிடம் மட்டும் வேறு. அதைப் பேஸ்புக்கில் படத்தோடு போட்டால், படத்துக்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பே திருட்டு வெட்டுக்காரருக்கு வழிகாட்டிவிடும். அந்த மரங்களின் பக்கத்தைப் பொது ஏட்டிலிருந்து பிரித்து, குழுவின் இருவர் பொறுப்பில் தனியாக வைத்திருங்கள்.